ஒற்றை நட்சத்திரம்

பாட்டின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த ஓர் இணையதளத்தின் பெயரை அவர் எழுத்தெழுத்தாக அழித்துக்கொண்டிருக்கிறார். மொத்தமாகப் பிடித்து ஒரே தட்டில் அழித்துவிடலாம். அவருக்கு அது ஒத்துவராது. அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொன்றாக எடுத்தால்தான் திருப்தி. அழித்து முடித்ததும் பாட்டை ஓடவிட்டுப் பார்க்கிறார். ஆரம்பத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், முடிவில் கொஞ்சம். விக்கவில்லை, கரகரக்கவில்லை. "ம், சரக்கு நல்லாயிருக்கு" என்று தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகிறார். பக்கத்தில் இருக்கும் தேநீர் ஆறி, மேலே ஆடை கட்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் மனிதர் இந்த நாற்காலியை விட்டு அசையமாட்டார். மற்ற நாட்களில் ஒரு பெரிய மருத்துவமனையின் மருந்துக் கிடங்கு அவர் பொறுப்பில் இருக்கிறது. அதனால் சொந்தத்திலும் தெருவிலும் அவருக்கு 'ஸ்டோர்காரர்' என்று பெயர். அட்டைப் பெட்டிகளில் எழுதுகிற தடித்த மை பேனா ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். வீட்டில் உப்பு டப்பாவில் 'உப்பு' என்றும், சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை' என்றும் எழுதி ஒட்டியிருக்கிறார். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிகிற கண்ணாடி டப்பாக்கள் அவை. கூடவே இருக்கும் மாமியார் ஒருநாள் பொறுக்க முடியாமல், தன் நெற்றியிலும் 'மாமியார்' என்று எழுதி ஒட்டிவிடச் சொன்னார். ஸ்டோர்காரர் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. சற்று யோசித்துவிட்டு, ஆட்களுக்குத் தேவைப்படாது என்றார்.

மருந்தில் படிந்த புத்தி பாட்டிலும் படிந்துவிட்டது. "மேல ஒண்ணு எழுதி உள்ள ஒண்ணு இருந்துச்சுன்னா ஆளையே சாச்சுடும்" என்பார். பாட்டு யாரையும் சாய்த்ததாகத் தகவல் இல்லை. ஆனாலும் அவருடைய கணினியில் வந்து சேரும் எந்தப் பாட்டும் பரிசோதனை இல்லாமல் உள்ளே போகாது. 'தடம் ஒன்று', 'தடம் இரண்டு' என்று பெயரில்லாமல் வரும் பாட்டுகளுக்குப் பெயர் சூட்டவேண்டும். பழைய எழுத்துருவில் வந்து, தமிழுக்குப் பதில் கட்டம் கட்டமாகக் காட்டுகிறவற்றைத் திருத்தவேண்டும். ஒரே பாட்டு மூன்று வேறு பெயர்களில் வந்து உட்கார்ந்திருக்கும். மூன்றில் எதில் சத்தம் சுத்தம் என்று பார்த்து மற்ற இரண்டை வெளியேற்றவேண்டும். ஒரு பாட்டு கிசுகிசுக்கும், அடுத்த பாட்டு காதைப் பிளக்கும். இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரவேண்டும். கிடங்கு வேலை முடிந்து வந்து இந்தக் கிடங்கு வேலையையும் பார்ப்பதில் அவருக்கு ஓர் அலுப்பும் கிடையாது.

ஒருமுறை பாட்டுகள் இருந்த வட்டுக்கு அடையாளமாக இருந்த ஆங்கில எழுத்தைக் கணினி தானாகவே மாற்றிவிட்டது. அவ்வளவுதான். அத்தனை பாட்டுக்கும் முன்னால் ஓர் ஆச்சரியக்குறி முளைத்து, 'கோப்பைக் காணவில்லை' என்று கைவிரித்தது. பாட்டெல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. கணினிதான் பழைய முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. தலையைப் பிய்த்துக்கொண்டு கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தபோது, மனிதர் வீடு முழுக்க நடந்து ஒவ்வொருவரிடமும் விளக்கினார். யாருக்கும் புரியவில்லை. மனைவி மட்டும், "வீடு மாறினதைச் சொல்லாம விட்டா தபால்காரர் என்ன பண்ணுவாரு" என்றாள். அன்று அவருக்கு மனைவி மேல் ஏற்பட்ட மரியாதை இன்னும் குறையவில்லை.

மனைவி தையல்காரி. திரைச்சீலை, தலையணை உறை, மெத்தை விரிப்பு இவைதான் அவள் தொழில். உள் அறையில் தையல் இயந்திரம். கூடத்துக் கணினியிலிருந்து சுவரோரமாக ஒரு கம்பியை இழுத்து, அவள் தலைக்கு மேல் ஒலிபெருக்கி வைத்துக் கொடுத்திருக்கிறார். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அவளுக்கான பாட்டுகளை ஓடவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். சாயங்காலம்வரை அது ஓடும். அதற்குப் பிறகு மாமியாருக்கு வேண்டியபோது கூடத்து ஒலிபெருக்கியில் மாமியாரின் பாட்டு ஓடும். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் விடுமுறைக்கு வந்தால் அவள் பாட்டு ஓடும். கேட்பதெல்லாம் அவர்கள்தான். இவர் பராமரிப்பதோடு சரி.

இந்தப் பாட்டு யாருக்கு, அந்தப் பாட்டு யாருக்கு என்று குறித்துவைக்க பாட்டை ஓடவிடுகிற செயலியில் இடம் இல்லை. நட்சத்திரம் போட இடம் இருந்தது. பாட்டு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று சொல்வதற்காக உலகம் முழுக்க எல்லோரும் போடுகிற நட்சத்திரம். ஸ்டோர்காரர் அதை ஆட்களுக்குப் பங்கு வைத்தார். மாமியாருக்கு ஐந்து. மகளுக்கு நான்கு. தனக்கு மூன்று. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் முகம் சுளிக்காமல் கேட்கக்கூடிய பொதுவான பாட்டுகளுக்கு இரண்டு. மனைவிக்கு ஒன்று. இந்த ஏற்பாட்டை அவர் யாரிடமும் விளக்கவில்லை. டப்பாவுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டிய மனிதர், இதற்கு மட்டும் ஒரு சீட்டு எழுதி ஒட்ட மறந்துவிட்டார்.

போன மாதம் மகள் வாடகை வீடு மாறினாள். சாமான்களை அடுக்கிக் கொடுக்க மனைவி ஒரு வாரம் அங்கே போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து மைத்துனன் வீட்டுக்கு வந்தான். மனைவியின் தம்பி, கைபேசிக் கடை வைத்திருப்பவன். தங்கமான பையன். யாருக்கு என்ன உதவி என்றாலும் கேட்காமலே செய்துவிடுவான், அதுதான் அவனிடம் இருக்கும் ஒரே ஆபத்து. ஸ்டோர்காரர் மாமியாரைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்த நேரத்தில் அவன் கணினியைத் திறந்து பார்த்தான். வட்டு நிறைந்து சிவப்புக் கோடு காட்டியது. எதைத் தொட்டாலும் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் திறந்தது. மாமா பாவம் இதோடு எப்படித்தான் மல்லுக்கட்டுகிறாரோ என்று அவனுக்கு இரக்கம் பொங்கிவிட்டது.

அவர்கள் திரும்பி வந்தபோது வாசலிலேயே எதிர்கொண்டான். "மாமா, கம்ப்யூட்டர் இப்ப பறக்குது பாருங்க. பிடிக்காத பாட்டுக்கெல்லாம் ஒரு ஸ்டார் போட்டு ஒதுக்கி வெச்சிருந்தீங்கல்ல, அதையெல்லாம் தூக்கிட்டேன். குப்பைத் தொட்டியையும் காலி பண்ணியாச்சு."

ஸ்டோர்காரர் ஒரு கையில் மாமியாரின் கையையும் மறு கையில் கண் சொட்டு மருந்தையும் பிடித்தபடி அப்படியே நின்றார். அதெல்லாம் உன் அக்காவின் பாட்டு என்று மெல்லச் சொல்லி, யாருக்கு எத்தனை நட்சத்திரம் என்ற கணக்கையும் சொன்னார். பையனின் முகம் செத்துவிட்டது.

ஆனால் கிடங்கு வைத்து நடத்துகிற மனிதரிடம் இருப்பு இல்லாமல் போகுமா? அலமாரியில், துணியில் சுற்றி, தனியாக ஒரு வட்டு வைத்திருந்தார். வாரம் தவறாமல் அதைக் கணினியில் செருகி எல்லாப் பாட்டுக்கும் நகல் எடுத்துவைப்பது அவர் வழக்கம். அது நினைவுக்கு வந்ததும் உயிர் வந்தது. மைத்துனனின் முதுகில் தட்டி, இதுக்குப்போய் அழுவாங்களா என்று சிரிக்கக்கூடச் செய்தார். வட்டைக் கொண்டுவந்து செருகினார். திரையில் பச்சைக் கோடு ஓடியது. பாட்டெல்லாம் திரும்பி வருகிறது என்று இருவரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

பாட்டுகள் திரும்பி வரவில்லை. கணினியில் எது இருக்கிறதோ அது வட்டில் இருக்கவேண்டும், எது இல்லையோ அது வட்டிலும் இருக்கக்கூடாது. இப்படி ஓர் ஏற்பாட்டை முன்பு செய்துவைத்தவர் அவரேதான். கிடங்கில் ஒரு கணக்கு, கடையில் ஒரு கணக்கு என்று இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. ஆகவே வட்டைச் செருகியதும் அது, எசமான் சொல்லைத் தட்டாமல், மிச்சமிருந்த ஒற்றை நட்சத்திரப் பாட்டுகளையெல்லாம் சுத்தமாகத் துடைத்துவிட்டு, இரண்டும் சமமாக இருப்பதாக அறிவித்தது. மைத்துனனைத் திட்ட அவருக்கு இப்போது வாய் இல்லை. அவன் ஒரு பக்கத்தை அழித்தான், இவர் தன் கையாலேயே மறு பக்கத்தை அழித்தார்.

அழித்ததை மீட்கும் செயலி ஒன்றை மைத்துனன் மறுநாள் கொண்டுவந்து போட்டுப் பார்த்தான். ஏதேதோ வந்தன. பெயருக்குப் பதில் எண்கள். திறந்தால் பாதியில் வேறொரு பாட்டு குறுக்கே புகுந்தது, சில வெறும் இரைச்சல். அவன் அசடு வழியக் கிளம்பிப் போனான். போனவன் மனது கேட்காமல் அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். தன்னை நியாயப்படுத்துகிற அவசரத்தில், அம்மாவுக்கு ஐந்து ஸ்டார், உன் மகளுக்கு நாலு, வருகிற விருந்தாளிக்கே ரெண்டு, உனக்கு ஒன்றுதான் என்றிருந்தால் நான் எப்படி நினைக்கமுடியும் என்று அதையும் சேர்த்தே சொன்னான். அவள் போனை வைத்துவிட்டாள். அவன் இதைச் சொன்ன விஷயம் ஸ்டோர்காரருக்குத் தெரியாது.

அவருக்கு ஒரே கவலை, மனைவி வருவதற்குள் அவள் பாட்டுகளைச் சேர்த்தாகவேண்டும். சேர்ப்பது பெரிய காரியமில்லை, எல்லாம் எங்காவது கிடைக்கும். எவற்றைச் சேர்ப்பது? வேலை முடிந்து வந்து கணினி முன் உட்கார்ந்து கண்ணை இடுக்கி இடுக்கி யோசித்தார். தலைப்பு கோணலாக வந்தது ஒன்று. நடுவில் விக்கியது ஒன்று. கட்டம் கட்டமாகக் காட்டியது, சத்தம் குறைவாக இருந்தது, இரட்டையாக வந்தது. இவையெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. கோளாறு இல்லாமல் வந்து, ஒழுங்காக உட்கார்ந்து, வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. தொந்தரவே கொடுக்காத அவற்றை அவர் ஏறெடுத்துப் பார்த்ததே இல்லை.

மாமியாரிடம் விசாரித்தார். மாமியார் உற்சாகமாகத் தன் மகளுக்குப் பிடித்த பாட்டுகளை அடுக்கினார். எழுதிக்கொண்டே வந்தவர் பாதியில் பேனாவை மூடினார். எல்லாம் மாமியாரின் சொந்த ஐந்து நட்சத்திரப் பாட்டுகள். ஸ்டோர்காரர் தன் மகளுக்குப் போன் போட்டார். மகள் யோசித்தாள். அம்மா எல்லாத்தையும்தானே கேட்பாங்க என்றாள். பிறகு அவளுக்கே சங்கடமாக இருந்திருக்கவேண்டும், நானும் கவனிச்சதில்லைப்பா என்றாள். மனைவியிடம் நேராகக் கேட்கத் துணிவில்லை. தினமும் போனில் பேசும்போது வேறு என்னென்னவோ பேசினார். அவளிடமிருந்து 'ம்', 'சரி' என்று மட்டும் பதில் வந்தது. வீடு மாறிய அலுப்பு என்று நினைத்துக்கொண்டார்.

இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு, அவளுக்குப் பிடித்த பாட்டு எது என்று தெரியாமல் அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. நினைவில் இருந்த கோளாறுப் பாட்டுகளையே தேடிப்பிடித்து, ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்து, ஒற்றை நட்சத்திரம் போட்டு வைத்தார்.

மனைவி வந்தாள். பையைக் கூடத்தில் வைத்துவிட்டு, முகம் கழுவி, நேரே தையல் அறைக்குப் போனாள். தைக்க வேண்டிய திரைச்சீலைகள் குவிந்து கிடந்தன. ஸ்டோர்காரர் கூடத்தில் பாட்டை ஓடவிட்டுவிட்டு, தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர் மாதிரி அறை வாசலில் வந்து நின்றார். ஒரு பாட்டு முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதின் நடுவில் அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"இதெல்லாம் நீங்க ரிப்பேர் பண்ணிக்கிட்டிருந்த பாட்டுல்ல? ஞாயித்துக்கிழமை ஆனா துண்டு துண்டா ஓட்டிக்கிட்டே இருப்பீங்க. முழுசா இன்னிக்குத்தான் கேக்கறேன்."

அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. பாட்டுகள் போனதையும் வட்டைச் செருகியதையும் சொன்னார். மைத்துனன் பெயரை முடிந்தவரை அடக்கி வாசித்தார். கடைசியில் செருகினது நான்தான் என்று முடித்தார். அவள் கையிலிருந்த துணியின் மடிப்பை நீவிக்கொண்டே கேட்டாள். நீவ அதில் ஒன்றும் இல்லை.

"பாட்டு போனா போகுதுங்க. ஒரு ஸ்டார் பாட்டுதானே. எங்கம்மாவுக்கு அஞ்சு, உங்க பொண்ணுக்கு நாலு. எப்பவோ வந்து போறவங்களுக்குக்கூட ரெண்டு குடுத்திருக்கீங்க. எனக்கு ஒண்ணுன்னு தம்பி சொல்லித்தான் எனக்கே தெரியுது."

ஸ்டோர்காரருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கியதும் மனிதர் ஆடிப்போய்விட்டார். இப்படி ஓர் அர்த்தம் அதற்கு இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. வாசலில் நின்றபடியே கையை நீட்டி, அங்கே இல்லாத அடுக்குகளைக் காட்டினார்.

"ஒண்ணுன்னா கம்மின்னு யாரு சொன்னது? எங்க ஸ்டோர்ல கதவைத் திறந்தா கை எட்டுற இடத்துல இருக்கே, அதுதான் ஒண்ணாம் நம்பர் அடுக்கு. எது இல்லைன்னா உசிரு போயிடுமோ அதைத்தான் அங்க வைப்போம். மத்ததெல்லாம் அப்புறம் ரெண்டு, மூணுன்னு போகும். அஞ்சாம் நம்பர் மேல கடைசில இருக்கும். ஏணி போட்டுத்தான் எடுக்கணும்."

கூடத்தில் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு படுத்திருந்த மாமியாருக்குக் காது மட்டும் நன்றாக வேலை செய்தது. "அப்ப நான் ஏணி போட்டு எடுக்கிற சரக்கா?" என்று அங்கிருந்து குரல் வந்தது.

மனைவி சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது. இத்தனை வருசத்தில் இதை ஒருதடவை வாயைத் திறந்து சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டாள். அவர், தெரியும் என்று நினைத்தேன் என்றார். மாமியாருக்குச் சமாதானம் சொல்லக் கூடத்துக்குப் போய், அங்கே வாங்கிக்கட்டிக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார். இப்போதாவது உனக்குப் பிடித்ததைச் சொல்லு, தேடிப் போட்டுவிடுகிறேன் என்றார்.

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே யோசித்தாள். "பேரெல்லாம் எனக்கு எங்க தெரியும்? நீங்க போடுவீங்க, நான் தைப்பேன். கை ஓடுறப்ப தானா வாயில வரும். சும்மா உக்காந்து யோசிச்சா ஒண்ணும் வராதுங்க."

திரைச்சீலையை ஊசிக்குக் கீழே நுழைத்து மிதியை அழுத்தினாள். இயந்திரம் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. முதலில் அந்தச் சத்தம் தவிர வேறு ஒன்றும் இல்லை. துணியில் பாதி நீளம் தையல் ஓடியபிறகு, அவள் தொண்டையில் வார்த்தையில்லாமல் ஏதோ ஒரு மெட்டு எழுந்தது. எந்தப் பாட்டு என்று அவருக்குப் பிடிபடவில்லை. கேட்டால் நின்றுவிடும். சத்தம் காட்டாமல் அறைக்குள் வந்தார். விசிறியை அணைத்தார். இயந்திரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இழுபட்டுக்கொண்டிருந்த திரைச்சீலையின் நுனியை அள்ளி மடியில் வைத்துக்கொண்டு, அவள் பக்கம் காதைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.